என் மைக் இரண்டு இடத்தில் இருந்த நாள்

டி.வி.யில் பிரஸ் மீட் ஓடும்போது எல்லோரும் பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அவருக்கு முன்னால் மேசையில் குவிந்து கிடக்கும் மைக்குகளைத்தான் பார்ப்பேன். தொழில் புத்தி, என்ன செய்வது. அந்த மைக்குகளில் பாதிக்கு மேல் எதையும் பதிவு செய்வதில்லை என்று சொன்னால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். வயர் இருக்காது, பேட்டரி இருக்காது, வெறும் கட்டை. பேச்சு ஏதோ ஒரு நல்ல மைக்கில் பதிவாகி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் எதற்கு அந்தக் கட்டை என்று கேட்டால், அதன் கழுத்தில் மாட்டியிருக்கும் சேனல் லோகோவுக்காக. லோகோ படத்தில் தெரிந்தால், நம்ம ஆள் அங்கே இருக்கிறார் என்று சென்னைத் தலைமை அலுவலகத்தில் செய்தி வாங்கும் டெஸ்க் நிம்மதியாக டீ குடிக்கும். தெரியாவிட்டால் அடுத்த நிமிஷம் போன் அடிக்கும். நம்ம மைக் எங்கே?

நான் புதுச்சேரியில் ஒரு தமிழ்ச் செய்தி சேனலுக்கு நிருபர். நிருபர் என்றால் கேமராவும் நான்தான், ஸ்டாண்டு தூக்குவதும் நான்தான், ஸ்கூட்டி ஓட்டுவதும் நான்தான். சேனல் எனக்குக் கொடுத்திருக்கும் சொத்து அந்த லோகோ ஒன்றுதான். ஒருவருக்கு வேலை போய்விட்டது என்பதை எங்கள் ஊர் நிருபர்கள் "லோகோவைக் கேட்டுட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். லோகோவைக் கூரியரில் அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. அடுத்த வாரம் அதே லோகோ வேறொருவர் கையில் ஏறி, அதே மேசையில் வந்து உட்காரும்.

எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மின்னணு ஊடகச் செய்தியாளர்கள், ஒளிப்பதிவாளர்கள் என்று தொடங்கி அதன் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும், அதனால் வெறுமனே சங்கம் என்போம். உப்பளம் பகுதியில் ஒரு மாடியில் அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பழைய ஆண்டு விழா பேனர். சேர்ந்த புதிதில் எனக்கு அந்தச் சங்கத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பொங்கலுக்கு ஒரு பை, வருஷப் பிறப்புக்கு ஒரு டைரி, ஆண்டு விழாவில் யாருக்காவது ஒரு சால்வை. மற்ற நாளெல்லாம் கேரம் போர்டு. இதற்கு எதற்குச் சங்கம், மனமகிழ் மன்றம் என்று போர்டு மாட்டிவிட்டுப் போகலாமே என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்டேன். கேட்டதோடு விட்டேனா? பெண்கள் வந்தால் போவதற்குக் கழிப்பறை உண்டா, இருக்கிற ஒன்றுக்குத் தாழ்ப்பாள் உண்டா, என்ன லட்சணத்தில் சங்கம் நடத்துகிறீர்கள் என்று பிடிபிடியென்று பிடித்தேன். கீழே ரோட்டில் பூ விற்கும் அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு மேலே பார்த்தார்களாம். என் தொண்டைக்கு அப்போது அவ்வளவு பலம்.

சங்கச் செயலாளர் அன்று கடைசி வரை கேட்டுக்கொண்டார். அவர் வேறொரு சேனலின் கேமராமேன். எங்கள் சேனலோடு நேருக்கு நேர் போட்டி போடும் சேனல். உப்பளத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குத் தவறாதவர். போனை எடுத்தால் ஹலோ என்று சொல்ல மாட்டார், "அலோ" என்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. பருத்த உடம்பு, ஆடி அசைந்துதான் நடப்பார். ஆனால் கேமராவைத் தோளில் ஏற்றிவிட்டால் எவ்வளவு கூட்டத்திலும் எப்படியோ முன்வரிசையில் நிற்பார். பொதுக்குழு முடிந்து நான் அடுத்த முறை சங்கத்துக்குப் போனபோது கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, வெளியே பூட்டு இருந்தது, உள்ளே புது பக்கெட்டும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் இருந்தன. பூட்டின் சாவியில் ஒன்றை என்னிடமும், இன்னொன்றை வேறொரு சேனலில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம்பெண்ணிடமும் கொடுத்தார். எனக்கு அதற்கும் கோபம் வந்தது. இரண்டாம் ரவுண்டு சண்டைக்குத் தயாராகப் போனவள் கையில் சாவியைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

எங்கள் சங்கத்து ஆட்களின் குணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. கேமராவைக் கேட்டால் கொடுப்பார்கள், செய்தியைக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். காலாப்பட்டில் பஸ் மறியல் என்று ஒருவருக்குத் துப்புக் கிடைத்தால், "வீட்ல கொஞ்சம் வேல இருக்குது" என்று டீக்கடையிலிருந்து நழுவுவார். அடுத்தவருக்கு மாமியார் வந்திருப்பார். இன்னொருவருக்கு வண்டி சர்வீசுக்கு விட வேண்டியிருக்கும். கடைசியில் எல்லோரும் காலாப்பட்டில் மறியலுக்கு நடுவில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்து, வெட்கமே இல்லாமல் சிரித்துக்கொள்வோம். எங்கே போகிறோம் என்று பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லாத கூட்டம் இது. ஆனால் அங்கே போன பிறகு ஒருவன் கேமரா மக்கர் செய்தால் பக்கத்தில் நிற்பவன் தான் எடுத்த விஷுவலை அப்போதே அவனுக்கு அனுப்பிவிடுவான். ஒருவரால் வர முடியவில்லை என்றால் அவருடைய மைக்கை இன்னொருவர் தூக்கிப் போய் மேசையில் வைப்பார். மைக் பிடிப்பது என்று இதற்குப் பெயர். எந்தச் சேனலும் இதை ஒத்துக்கொள்ளாது. எந்த ஊர் நிருபரும் இதைச் செய்யாமல் இருந்ததில்லை.

எனக்குத் தொண்டை கட்டியது ஒரு தேர்தல் முடிந்த கையோடு. பிரசாரம், கூட்டம், வாக்கு எண்ணிக்கை என்று கத்திக்கொண்டே திரிந்ததில் குரல் கரகரத்துப் போயிற்று. பாலில் மிளகு, மஞ்சள் போட்டுக் குடித்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். சரியாகவில்லை. ஒரு நாள் பேசப் பேச நடுவில் குரல் காணாமல் போய், வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி, எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் பெருமூச்சு விடுவதற்குள் மிச்சத்தையும் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுவென்றுகூடக் கூடாது. அதற்குப் பிறகும் ஆயுசுக்கும் கத்தக் கூடாது.

வீட்டுக்காரருக்கு விஷயத்தை எழுதிக் காட்டினால், வீட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றார். தலையணையை எடுத்து எறிந்தேன். சிரித்துக்கொண்டே பிடித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். அவருக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன்னால்தான் எங்கள் சேனலின் பக்கத்து மாவட்ட நிருபர் காலை உடைத்துக்கொண்டு லீவு கேட்டார். லீவு கிடைத்தது, லோகோவையும் கேட்டுவிட்டார்கள். கால் உடைந்தவனுக்கே அந்தக் கதி என்றால், குரல் போன நிருபரை வைத்துக்கொண்டு டெஸ்க் என்ன மாவா ஆட்டும்? லைவில் பேச வேண்டும், போனில் செய்தி சொல்ல வேண்டும், பிரஸ் மீட்டில் கேள்வி கேட்க வேண்டும். பாகூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, டி.வி. வேலை நமக்கு எதுக்குடி என்று கேட்ட அத்தனை பேரோடும் மல்லுக்கட்டி வாங்கிய வேலை.  அலுவலகத்துக்குச் சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்தேன். சங்கத்துக்கும் சொல்லவில்லை. அவ்வளவு கத்திவிட்டு, எந்த முகத்தோடு போய் உதவி கேட்பது?

சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. ஒரு பிரஸ் மீட் முடிந்து எதிர் டீக்கடையில் நின்றிருந்தபோது செயலாளர் கிளாசோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, ரெண்டு மூணு நாளா கேள்வியே கேக்கல? மந்திரியே உன்னைத் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு."

போனில் தட்டிக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, ஒரு முறை படித்தார். மறுபடி படித்தார். ஐயோ பாவம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போயிருப்பேன். அவர் என் பையைத் திறந்து மைக்கை எடுத்து, லோகோவைச் சட்டை நுனியால் துடைத்து, தன் பைக்குள் தன் மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஆபீசுக்குச் சொல்லாத. நீ ஒடம்பப் பாரு" என்றார். டீக்கும் அவரே சில்லறை கொடுத்துவிட்டு ஆடி அசைந்து போனார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து என் செல்போனுக்கு விஷுவல் வர ஆரம்பித்தது. பிரஸ் மீட், ஆர்ப்பாட்டம், கோயில் தேர், கடற்கரைச் சாலையில் கொடியேற்றம், எதுவும் விட்டுப்போகவில்லை. எனக்கென்று தனியாக எடுத்தது, கூடவே யார் என்ன பேசினார்கள் என்ற குறிப்பு. நான் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து அதை வெட்டி ஒட்டி, ஸ்கிரிப்ட் எழுதி டெஸ்க்குக்கு அனுப்புவேன். போனில் வந்து பேசச் சொன்னால், ரேஞ்ச் இல்லை சார், எழுதி அனுப்புகிறேன், அங்கேயே யாராவது குரல் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று மெசேஜ் போடுவேன். அந்த வாரங்களில் என் புண்ணியத்தில் புதுச்சேரியே சிக்னல் இல்லாத ஊராகிப் போனது. வேடிக்கை என்னவென்றால், ஸ்கிரிப்ட் இப்போதெல்லாம் நன்றாக வருகிறதே என்று டெஸ்க் தலைவர் பாராட்டு வேறு அனுப்பினார். பேசாமல் இருந்தால் எழுத்து வரும் போலிருக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து என் மைக்கை டி.வி.யில் பார்ப்பது விசித்திரமான அனுபவம். பேசுகிறவர் வருவதற்கு முன்னால், ஒரு பருத்த கை திரைக்குள் நீளும். என் லோகோவை எடுத்து நடுவில் வைக்கும். எழுத்து கேமராவைப் பார்க்கிற மாதிரி லேசாகத் திருப்பும். அப்புறம்தான் தன் சேனல் மைக்கை ஓரத்தில் வைக்கும். ஒரு நாள் கடற்கரையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடத்துக்கு முன்னால் யாரோ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. செயலாளர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மைக்குக்கு மாட்டினார். அவர் மைக் நனைந்துகொண்டிருந்தது. நான் யாரிடமும் சட்டென்று அழுகிறவள் கிடையாது. அன்று அழுதேன். சத்தம் வரக் கூடாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சங்கம் என்றால் பை, டைரி, சால்வை என்று நினைத்திருந்தேன் இல்லையா? அதெல்லாம் மேல் பூச்சு. ஒருவன் இன்னொருவனுடைய மைக்கைத் தன் மைக்குக்கு முன்னால் வைக்கிறான் பாருங்கள், அதுதான் சங்கம்.

இதற்கிடையில் அந்த இளம்பெண் நிருபர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். ஆரஞ்சு வாங்கி வந்திருந்தாள், நான் சாப்பிட முடியாது என்று தெரிந்ததும் அவளே உரித்துச் சாப்பிட்டாள். போகும்போது அலமாரி மேல் கிடந்த என் பழைய லோகோவைப் பார்த்துவிட்டாள். ஒரு மூலை உடைந்தது, சேனல் புதிது அனுப்பிய பிறகு நான் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்தது. "இதையும் குடுங்கக்கா. செயலாளர் அண்ணன் வர முடியாத எடத்துல நான் வைக்கிறேன்" என்று கேட்டாள். தலையாட்டிக் கொடுத்தேன். செயலாளரிடம் அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவள் நினைத்தாள்.

அந்த நாள் காலை தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீனவர்கள் படகுகளைக் குறுக்கே நிறுத்திப் போராட்டம். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, படகு உள்ளே வர முடியாமல் தவிக்கிறது, தூர்வார வேண்டும் என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதே நேரம் அதே விஷயத்துக்காக மந்திரி தன் அலுவலகத்தில் பிரஸ் மீட் வைத்துவிட்டார். இளம்பெண் துறைமுகத்துக்குப் போனாள். செயலாளர் பிரஸ் மீட்டுக்குப் போனார். எங்கே போகிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களா? சொன்னால் குடி முழுகிவிடும் இல்லையா.

நான் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு டி.வி.யைப் போட்டேன். செயலாளரின் சேனல் துறைமுகத்துக்கு வேறொரு ஆளை அனுப்பியிருந்தது போலிருக்கிறது, திரையை இரண்டாகப் பிரித்து இரண்டையும் லைவாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் மந்திரி, அவருக்கு முன்னால் நட்ட நடுவில் பளபளவென்று என் லோகோ. அந்தப் பக்கம் மீனவர் சங்கத் தலைவர், அவர் தாடைக்குக் கீழே மூலை உடைந்த என் இன்னொரு லோகோ. ஒரே நிருபர், ஒரே நேரம், ஊரின் இரண்டு முனை. கஞ்சி மடியில் கொட்டியது. மைக்கை எடுங்க, மைக்கை எடுங்க என்று இரண்டு பேருக்கும் மெசேஜ் மேல் மெசேஜ் போட்டேன். லைவில் நிற்கிறவர்கள் போனைப் பார்ப்பார்களா? துறைமுகத்தில் தள்ளுமுள்ளு வந்து பழைய லோகோ கீழே விழுந்தது. விழட்டும், அப்படியே கிடக்கட்டும் என்று கும்பிட்டேன். பாவி மகள், கூட்டத்துக்குள் குனிந்து அதைத் தேடி எடுத்து, மண்ணைத் தட்டி, மறுபடியும் தலைவர் வாய்க்கு நேராக நீட்டினாள். அந்தச் சமயத்தில் அவளைத் திட்டவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

டெஸ்க் தலைவர் அறையில் எல்லா சேனலும் எந்நேரமும் ஓடும். போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. எடுத்து என்ன பேசுவது? பிறகு மெசேஜ் வந்தது, எங்கே இருக்கிறீர்கள் என்று. பிரஸ் மீட்டில் இருக்கிறேன் சார் என்று அனுப்பினேன். பதிலுக்கு அந்த இரட்டைத் திரையின் படம் வந்தது. அதற்குக் கீழே ஒரே வரி.

"எந்தப் பிரஸ் மீட்?"

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு ஓடினேன். அதற்குள் அவர்களுக்கும் விஷயம் தெரிந்து எல்லோரும் அங்கே கூடியிருந்தார்கள். இளம்பெண் கண்ணெல்லாம் சிவந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். அன்று பிரஸ் மீட்டில் செயலாளரும் வைத்திருப்பது தனக்குத் தெரியாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆளுக்கு ஒரு யோசனை ஓடியது. ஒரு லோகோ திருடு போய்விட்டது என்று சொல்லலாம் என்றார் ஒருவர். துறைமுகத்துக் காட்சி நேற்று எடுத்தது என்று சொல்லலாமே என்றார் இன்னொருவர். தன் வீட்டம்மா குரல் கிட்டத்தட்ட என் குரல் மாதிரியே இருக்கும், போனில் பேச வைக்கலாம் என்று ஒருவர் ஆரம்பிக்க, அவ்வளவு சத்தமாக உலகத்தில் இன்னொரு பொம்பளையா என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றது.

செயலாளர் கேரம் போர்டின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"போதும் வுடுங்கப்பா. பொய் சொல்லித்தான் மாட்டிக்கினோம். இனிமே உள்ளதச் சொல்லிப் பாப்போம்." என் பக்கம் திரும்பினார். "சொல்லிடலாமாம்மா?"

தலையை ஆட்டினேன். வேறு வழி இல்லை என்பதற்காக மட்டும் ஆட்டவில்லை. அந்த மனுஷன் கேட்டால் மறுக்கத் தோன்றவில்லை.

எங்கள் டெஸ்க் தலைவர் எண்ணை என்னிடம் வாங்கி, தன்னுடைய போனிலேயே அடித்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். தான் இங்கே சங்கத்தின் செயலாளர் என்று சொல்லிவிட்டு, எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது, பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பது, மைக்கை வைத்ததெல்லாம் சங்கத்து ஆட்கள்தான் என்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். இரண்டு இடத்தில் வைத்தது எங்கள் தப்பு, அவருடையது இல்லை என்றார். இத்தனை நாளில் உங்களுக்கு ஒரு செய்தியாவது விட்டுப்போயிற்றா என்றும் கேட்டார்.  அந்தப் பக்கத்திலிருந்து, நீங்கள் எந்தச் சேனல் என்று கேள்வி வந்தது. செயலாளர் தன் சேனல் பெயரைச் சொன்னார்.  அவர் சேனலுக்குத் தெரிந்தால் அவர் லோகோவையும் கேட்பார்களே.

"எங்க போட்டி சேனல்ல இருந்துக்கிட்டு எங்க மைக்கைத் தூக்கிட்டு அலையறீங்களா?"

"மைக்கத்தான் சார் தூக்குறோம். நியூஸ்ல இன்னிக்கும் உங்களுக்கு முன்னாடி நாங்கதான் போட்டோம்."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தார்கள். டெஸ்க் தலைவரும் கெட்டவர் இல்லை. உடம்புக்கு முடியாதவரை விரட்டுவது தன் ஆசை இல்லை என்றார். ஆனால் தனக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், மைக் வைக்க மட்டும் நிருபர் தேவையில்லை, கேள்வி கேட்க வேண்டும் என்றார். பேசலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு வரும் முதல் பிரஸ் மீட்டில் நான் கேள்வி கேட்க வேண்டும். அது லைவில், சென்னையில் அவர்கள் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் லோகோவை அனுப்பிவிட வேண்டும். செயலாளர் சரி சார் என்று போனை வைத்தார்.

டாக்டர் ஒரு வழியாகப் பேசச் சொன்னார். வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் இல்லை. காகிதத்தைக் கசக்கினாற்போல ஒரு சின்னச் சத்தம். போகப் போகத் தெளியும், ஆனால் பழைய மாதிரி கத்தினால் திரும்பவும் கட்டி வரும், அப்புறம் தன் கையில் எதுவும் இல்லை என்று எச்சரித்தார். வீட்டில் கூடத்தில் நின்று கேள்வி கேட்டுப் பழகினேன். சமையற்கட்டில் இருந்த வீட்டுக்காரருக்குக் கேட்கவில்லை. இத்தனைக்கும் அங்கே குக்கர்கூட விசிலடிக்கவில்லை. பிரஸ் மீட் அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மந்திரி பேசி முடித்து வாயை மூடுவதற்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வோம். மீன் ஏலத்தில்கூட ஒருவர் பின் ஒருவராகத்தான் விலை சொல்வார்கள். எங்களுக்கு அந்த நாகரிகம் கிடையாது. எவன் குரல் பெரிதோ அவனுக்குத்தான் பதில். அந்தப் பந்தயத்தில் நான்தான் எப்போதும் முதல். இனி அது முடிந்துபோன சமாச்சாரம்.

அந்த நாள் வந்தது. அதே மந்திரி, அதே துறைமுக விவகாரம். டீக்கடையில் யாரும் என்னிடம் எதுவும் பேசவில்லை. எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. வழக்கம்போல ஒவ்வொருவராக நழுவி உள்ளே போனார்கள். மறந்தே போய்விட்டார்கள் போலிருக்கிறது, அவரவர் பிழைப்பு அவரவருக்கு என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. உள்ளே போய் என் மைக்கை என் கையாலேயே மேசையில் வைத்தேன். செல்போனை ஸ்டாண்டில் மாட்டி லைவைப் போட்டேன். டெஸ்க் பார்த்துக்கொண்டிருந்தது.

மந்திரி அறிக்கையைப் படித்து முடித்துக் காகிதத்தை மடித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்.

ஒரு சத்தம் இல்லை.

மந்திரி நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பக்கத்தில் நின்ற அதிகாரியைப் பார்த்தார். ஏ.சி. ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ நாற்காலியில் அசைந்தது கேட்டது. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கேமராவுக்குள் தலையை விட்டுக்கொண்டோ, செல்போனைப் பார்த்துக்கொண்டோ, வாயை இறுக மூடி நின்றார்கள். இளம்பெண் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஊரிலேயே பெரிய வாய்க்காரர்கள் அத்தனை பேரும் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"முகத்துவாரத்த எப்ப சார் தூர்வாருவீங்க?" என்று கேட்டேன்.

எனக்கே அந்நியமான அந்தச் சின்னக் குரல் அறை முழுக்கக் கேட்டது. மந்திரி பதில் சொன்னார், சுற்றி வளைத்துத்தான் சொன்னார். அவர் முடித்ததும் மற்றவர்கள் பாய்வார்கள் என்று நினைத்தேன். பாயவில்லை. அது பதில் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். அதுவரை படகு எங்கே நிற்கும் சார் என்று அடுத்ததைக் கேட்டேன். அதற்கும் காத்திருந்தார்கள். தூர்வாரும் இயந்திரம் எப்போது வரும் என்றேன். மழைக்கு முன்னால் வந்துவிடும் என்று மந்திரி வாயிலிருந்து அன்றைய செய்தி வந்தது. என் வாழ்நாளில் குறுக்கே யாரும் விழாமல் ஒரு விஷயத்தை முடிவு வரைக்கும் கேட்டது அன்றுதான். செயலாளர் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, முடிந்ததா என்று புருவத்தால் கேட்டார். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள்.

வெளியே வருவதற்குள் டெஸ்க் தலைவரிடமிருந்து மெசேஜ் வந்துவிட்டது. கேட்டது என்று ஒரே வார்த்தை.

டீக்கடைக்குப் போனால் அங்கே வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் அவரவர் டெஸ்க்கிலிருந்து டோஸ் விழுந்துகொண்டிருந்தது. முதல் கேள்வி, முக்கியமான செய்தி எல்லாம் அந்தம்மா சேனலுக்கு எப்படிப் போயிற்று, நீங்கள் எல்லாம் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றீர்களே, என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒவ்வொரு போனும் கத்தியது. இளம்பெண் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். செயலாளர் ஒரு கையில் டீ, ஒரு கையில் போன். அந்தப் பக்கம் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு முறை இருமினார்.

"இன்னா சார் பண்றது, கேமராக்குப் பின்னால நிக்கிற எனக்கே தொண்ட கட்டிக்கிச்சு. எங்க எல்லாருக்குமே கட்டிக்கிச்சு சார்."

அதைக் கேட்டு அடுத்தவரும் தன் போனில் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் இருமிவிட்டு அதையே சொன்னார். டீக்கடை முழுக்க இருமல். நான் கையில் கிளாசை வைத்துக்கொண்டு நின்றேன். பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.